கார் நின்றால் பார்க்கிங், கூடை நின்றால் ஆக்கிரமிப்பு

சென்னையில் ரோட்டோரமாக ஒரு கார் நின்றால் அதற்குப் பெயர் பார்க்கிங். அதே ரோட்டில், அதே ஓரத்தில் ஒரு மீன் கூடை நின்றால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. இரண்டும் நிற்கின்றன. இரண்டும் பொது இடத்தில்தான் நிற்கின்றன. கூடை அடைக்கிற இடம் காரைவிட ரொம்பக் குறைவு. ஆனாலும் ஒன்று நகர நிர்வாகம் திட்டம் போட்டுத் தீர்க்க வேண்டிய தேவையாகவும், இன்னொன்று போலீசை வைத்து அப்புறப்படுத்த வேண்டிய குற்றமாகவும் இருக்கிறது. எப்படி இப்படி ஆனது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதைப் பேச ஆரம்பித்தால் இயக்கத்துத் தோழர்களே சிரிக்கிறார்கள். "ஊர்ல வெட்டு குத்து நடக்குது, நீ வண்டி நிறுத்துறதப் பத்திப் பேசிக்கினு இருக்கியேம்மா" என்கிறார்கள். வெட்டும் குத்தும் நடக்கிற ஊரிலும் சண்டை பெரும்பாலும் ஒரு தெருவில்தான் தொடங்குகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். சேரிப் பையன் புது வண்டி வாங்கி ஊர்த்தெரு வழியாக ஓட்டிப் போனதற்காக அடி வாங்கிய கதைகள் நம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கின்றன. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தாத்தாக்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். தெரு என்பது சாதியின் வேலை நடக்கிற இடம். கிராமத்தில் அது யார் நடக்கலாம் என்று கேட்கும். பட்டணத்தில் யார் நிற்கலாம் என்று கேட்கிறது.

நான் நொச்சிக்குப்பத்துப் பக்கம் குடிசை மாற்று வாரியத்து வீட்டில் வளர்ந்தவள். இப்போது அந்த வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று 2021இல் பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் ஜனங்களுக்கு அது இன்னும் போர்டு வீடுதான். நாங்கள் கடலில் போகிற சாதி இல்லை. கட்டுமரமும் வலையும் பட்டினவர்களுடையது. குப்பத்துப் பஞ்சாயத்தும் அவர்களுடையது. எங்கம்மா விடியற்காலையில் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுப்பாள். சங்கரா, காணாங்கத்தை, கவளை, கையில் காசு இருந்தால் கொஞ்சம் வஞ்சிரம். அன்னக்கூடையில் ஐஸ் போட்டு அடுக்கி, தலையில் தூக்கிக்கொண்டு மயிலாப்பூருக்குள் போவாள். ஒரு தெருமுனையில் பலகை போட்டு, அருவாமனையோடு உட்காருவாள். மத்தியானம் பன்னிரண்டு ஒரு மணிக்குள் மீன் தீர்ந்தால் எங்களுக்கு அன்றைக்குச் சோறு. தீராவிட்டால் மீதியைச் சாயந்திரம் எங்கள் வீதியிலேயே கடனுக்கு விற்பாள்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தெருமுனையில் ஒரு நாள் நோ பார்க்கிங் போர்டு ஒன்று வந்தது. போர்டு வைத்தது சர்க்காரா, எதிர் வீட்டுக்காரரா என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. போர்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காரும் அந்தப் பக்கம் ஒரு காரும் எப்போதும்போல நின்றன. ஒரு சனிக்கிழமை, நான் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். காக்கி உடுப்பில் ஒருத்தர் வந்தார்.

"ஏய், எழுந்திரு. இது நோ பார்க்கிங். போர்டு தெரியல?"

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். நான் இன்னா வண்டியா? வண்டிக்குப் போட்ட போர்ட எனக்குக் காட்டுறியே."

"வாய் பேசாத. எடு கூடைய."

"அந்தக் காரு காலைலேர்ந்து நிக்குது. அத்த ஒண்ணியும் கேக்கல. நான் குந்துனா மட்டும் ரோடு அடைச்சிக்குதா?"

அவர் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தராசையும் படிக்கல்லையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கூடையைக் காலால் தள்ளியதில் ஐசும் மீனும் சாக்கடை ஓரத்தில் கொட்டின. தராசைத் திரும்ப வாங்க அம்மா மூன்று நாள் ஓர் ஆபீசுக்கு அலைந்தாள். கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யாரிடம் முறையிட வேண்டும் என்று எழுதின காகிதம் கிடையாது.

பிற்பாடு எம்.ஏ. முடித்து, சங்க வேலைகளுக்கு வந்து, சட்டப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் காருக்கு என்ன மரியாதை என்று புரிந்தது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் 122ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி வண்டியை விட்டுப்போகக் கூடாது என்கிறது. 127ஆம் பிரிவு, தடை செய்த இடத்தில் விட்டுப்போன வண்டியை இழுத்துப் போக அதிகாரம் தருகிறது. 177ஆம் பிரிவு பொதுவான அபராதம். அது ரொம்ப காலம் முதல் தடவைக்கு 100 ரூபாய் வரை என்று இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 500 ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 1500 ரூபாய் வரை. சலானில் நேரம், இடம், வண்டி எண் எல்லாம் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். இழுத்துப் போன வண்டியின் கண்ணாடி உடைந்தால் சொந்தக்காரர் சண்டை பிடிக்கலாம். அதாவது ஆளே இல்லாத காருக்கு உரிமைகள் இருக்கின்றன. பக்கத்தில் உயிரோடு ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிற கூடைக்கு அன்றைக்கு எதுவும் இல்லை.

கார் என்றால் ஓடுகிற பொருள் என்று நினைக்கிறோம். அதனால்தான் கார்களுக்கு வழி விட வேண்டும் என்கிற பேச்சு நியாயமாகப் படுகிறது. அமெரிக்காவில் டொனால்ட் ஷூப் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். வாழ்நாள் பூராவும் பார்க்கிங்கைப் பற்றியே ஆராய்ந்தவர். 2005இல் அதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். ஒரு கார் நூற்றுக்கு 95 பங்கு நேரம் நின்றுகொண்டேதான் இருக்கிறது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கணக்கு. கார் நிற்கிற இடம் யாருக்கும் இலவசம் இல்லை, கார் இல்லாதவர்களும் சேர்ந்துதான் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். இது நமக்குப் புதுசு இல்லை. அம்மா தராசை இழந்த அன்றைக்கே விலை கொடுத்தாயிற்று.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு கார் நிறுத்தக் கோடு போடுகிற கட்டம் சாதாரணமாக இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். பன்னிரண்டரை சதுர மீட்டர். மீன் விற்கிற ஒரு பொம்பளைக்குப் பலகை, கூடை, அருவாமனை, அவள் உட்கார இடம் எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டர் போதும். ஒரு கார் நிற்கிற இடத்தில் பன்னிரண்டு குடும்பம் பிழைக்கும். 2019 வாக்கில் சென்னை மாநகராட்சி தனியார் மூலமாக ரோட்டோர பார்க்கிங்குக்குப் புது முறை கொண்டுவந்தபோது பொதுவான கட்டணம் ஒரு மணி நேரத்துக்குக் காருக்கு 20 ரூபாய், இரு சக்கர வண்டிக்கு 5 ரூபாய். 2025 ஜூலையில், பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புது ஒப்பந்தம் வரும்வரை பணம் கட்ட வேண்டாம் என்று அந்த 20 ரூபாயும் நிறுத்திவைக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்த இடைவேளையில் கார் சும்மா நிற்கலாம். கூடைக்கு அப்படி ஓர் இடைவேளையை யாராவது அறிவித்ததுண்டா?

இப்போது லூப் ரோட்டுக்கு வருவோம். கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம்வரை நொச்சிக்குப்பம், டுமிங்குப்பம், முள்ளிமா நகர் என்று குப்பங்களை ஒட்டிப் போகிற ரோடு அது. ஒரு பக்கம் வீடு, இன்னொரு பக்கம் மணலும் படகும் கடலும். வீட்டுக்கும் படகுக்கும் நடுவில் ஜனங்கள் நடந்த இடம், வலை உலர்த்திய இடம், மீன் பரப்பிய இடம். சாந்தோம் நெடுஞ்சாலையில் நெரிசல் கூடக்கூட, அந்த நெரிசல் இந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டது. ரோடு அகலமாயிற்று. கார்கள் வந்தன. அப்புறம் மீன் விற்கிறவர்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்கிற பேச்சு வந்தது. யார் முதலில் இருந்தார்கள், யார் பின்னால் வந்தார்கள் என்பதை ரோட்டின் தார் மூடிவிட்டது.

2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து லூப் ரோட்டு மீன் கடைகளைப் பற்றிய வழக்கை எடுத்தது. அடுத்த நாட்களிலேயே மாநகராட்சி ஜேசிபியோடு, போலீசோடு வந்து கடைகளை அகற்றியது. குப்பத்து ஜனங்கள் படகுகளை இழுத்துவந்து ரோட்டில் போட்டார்கள். மீன்களை ரோட்டில் கொட்டினார்கள். பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். அதற்கப்புறம்தான் புதுச் சந்தை தயாராகும்வரை ஒழுங்குபடுத்தி விற்கலாம் என்று ஓர் இடைக்கால ஏற்பாடு வந்தது.

அந்த ரோட்டில் நெரிசல் உண்டு. நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் தெரியும். ஆனால் அந்த நெரிசல் எப்படி உண்டாகிறது என்று பத்து நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். மீன் வாங்க வருகிறவர் காரை ஓரம் கட்டுவதில்லை. ஓடுகிற ரோட்டிலேயே நிறுத்துவார். இன்ஜினை அணைக்க மாட்டார். கண்ணாடியை இறக்கி, "வவ்வா என்ன வெல?" என்பார். பேரம் முடிந்து, ஆய்ந்து, பையில் வாங்கும்வரை பின்னால் இருக்கிற வண்டி ஹாரன் அடிக்கும். அதற்குப் பின்னால் வருகிறவர் சுற்றிக்கொண்டு போகப் பார்த்து எதிர்ப் பக்கத்தையும் அடைப்பார். கூடை காலையில் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. ரோட்டை அடைத்தது கார். குற்றம் மட்டும் கூடையின் தலையில். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய காருக்கு 500 ரூபாய் சலான் போட்டிருந்தால் பாதி நெரிசல் தீர்ந்திருக்கும். அப்படிச் செய்திருந்தால் ஜேசிபிக்கு வேலை இருந்திருக்காது.

2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. 366 கடைகள். வண்டி நிறுத்தவும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கூரை, தண்ணீர் வந்தது நல்லதுதான். வெயிலில் குந்தியவர்களுக்கு நிழல் வேண்டும். ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரோட்டில் போகிறபோது கண்ணில் படுகிற மீன் வேறு, வண்டியை உள்ளே விட்டு இறங்கித் தேடிப் போய் வாங்குகிற மீன் வேறு. தெரு வியாபாரத்துக்கு உயிரே அந்தக் கண்ணில் படுதல்தான். இரண்டாவது, 366 என்பது லூப் ரோட்டில் உட்கார்ந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. அங்கே எடுத்து, தலையில் சுமந்து, மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் அடையாறுக்கும் போய்த் தெருமுனையில் விற்கிற எங்கம்மா மாதிரி ஜனங்களுக்குச் சந்தை என்று ஒன்று இல்லை. அவர்களுக்குத் தெருமுனைதான் சந்தை. அவர்களில் நம் ஜனங்கள் நிறைய.

குப்பத்தின் போராட்டம் நம் போராட்டமா என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். கரையில் எங்களை ஓரமாக நிற்க வைத்தவர்கள்தானே அவர்கள் என்று கேட்டால், ஆமாம், நிற்க வைத்தார்கள். ஏலத்தில் எங்கம்மாவுக்குக் கடைசியில்தான் முறை வரும். அதைப் பேசாமல் ஒற்றுமை பேசுவது எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் அரசாங்கம் கரைக்கு வரும்போது யார் கட்டுமரக்காரர், யார் கூடைக்காரி என்று பார்ப்பதில்லை. 1985 டிசம்பர் 4ஆம் தேதி இதே மெரினாவில் நடந்ததை நம் இளைஞர்கள் படிக்க வேண்டும். எம்.ஜி.ஆர். ஆட்சி. கடற்கரையை அழகுபடுத்த வேண்டும் என்று மணலில் கிடந்த படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்தினார்கள். எதிர்த்த ஜனங்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மீனவர்கள் செத்தார்கள். கடலுக்குப் போய்வந்த கட்டுமரத்தை மணலில் நிறுத்தியதுதான் அவர்கள் செய்த தப்பு. காற்று வாங்க வந்தவர்களின் கார் நிற்பதற்கு அதே மெரினாவில் தனி ரோடு இருக்கிறது. கடற்கரையில் கார் நின்றால் அழகு கெடாது, கட்டுமரம் நின்றால் கெட்டுவிடும். இந்த அழகு யாருடைய கண்ணுக்கு என்பதுதான் கேள்வி.

டிசம்பர் மாதம் மயிலாப்பூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். சபாக்களில் கச்சேரி நடக்கிற நாட்களில் சுற்றியிருக்கிற தெருக்களில் இரண்டு பக்கமும் கார். நடக்க வழி இருக்காது. நடைபாதைமேலேயே ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றி நிறுத்தியிருப்பார்கள். யாரும் அதை ஆக்கிரமிப்பு என்று எழுதினதில்லை. சீசன் நெரிசல் என்று எழுதுவார்கள். தி. நகரில் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை 2013இல் ஒரு கட்டடத்துக்குள் மாற்றினார்கள். ரோடு சுத்தமாயிற்று என்றார்கள். அப்புறம் அங்கேயே கார்களுக்கென்று பல அடுக்குக் கட்டடம் கட்ட வேண்டி வந்தது. வியாபாரிக்கும் கட்டடம், காருக்கும் கட்டடம், சமம்தானே என்று ஒருத்தர் என்னிடம் வாதம் செய்தார். கட்டடத்துக்குள் போகாத கார் மறுபடியும் ரோட்டுக்கு வரலாம். கட்டடத்துக்குள் போன வியாபாரி ரோட்டுக்குத் திரும்பினால் ஆக்கிரமிப்பாளர். இதில் சமம் எங்கே இருக்கிறது?

ரோடு என்பது போவதற்கும் வருவதற்கும் மட்டும்தான் என்கிற வாதத்தை உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. 1989இல் சோதன் சிங் வழக்கில், தெருவில் வியாபாரம் செய்வது தொழில் செய்யும் உரிமையின்கீழ் வரும், ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்க முடியாது என்றது. 2014இல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்துவதாக இருந்தால் முப்பது நாள் நோட்டீஸ். பறித்த சரக்குக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். மீன் மாதிரி அழுகுகிற சரக்கைக் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். வியாபாரக் குழுவில் நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கு உரிய இடம் உண்டு. எங்கம்மாவுக்கு அன்றைக்கு இல்லாத காகிதம் இன்றைக்குச் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில் இருப்பது தெருமுனைக்கு வந்து சேரவில்லை என்றால், கொண்டுவந்து சேர்ப்பது நம் வேலை.

நம் முன்னோர்கள் தெருவுக்காகப் போராடியவர்கள். 1924 ஆகஸ்டில் சென்னை சட்டசபையில் ரெட்டமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதிக்காரரும் எந்த ஊரிலும் எந்தப் பொதுத் தெருவிலும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தலாம் என்கிற தீர்மானம். அது நிறைவேறியது. மூன்று வருஷம் கழித்து 1927இல் அம்பேத்கர் மகாட் குளத்தில் இறங்கினார். பொது என்று எழுதியிருப்பதில் நமக்கும் பங்கு உண்டு என்பதுதான் இரண்டுக்கும் பொருள். அந்தத் தீர்மானம் நடக்கிற உரிமையை வாங்கித் தந்தது. நூறு வருஷம் ஆகிவிட்டது. நடந்து போகிற சேரிக்காரரைப் பட்டணத்துத் தெரு இப்போது தடுப்பதில்லை. நின்றால், உட்கார்ந்தால், நாலு காசு சம்பாதிக்கப் பார்த்தால் தடுக்கிறது. "நகரு, நகரு" என்கிறது. நகர்ந்து நகர்ந்து நம் ஜனங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். காலி செய்த இடங்களில் பல கார் நிற்கிற இடங்களாகிவிட்டன.

பார்க்கிங் விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி வேண்டும். கடுமையாகவே வேண்டும். நடைபாதையில் ஏறி நிற்கிற காரை இழுத்துப் போகத்தான் வேண்டும். சக்கர நாற்காலியில் போகிறவருக்கும், குழந்தையைத் தூக்கிப் போகிற தாய்க்கும் கூடை வழி விடத்தான் வேண்டும். ஜப்பானில் 1962 முதல், கார் நிறுத்த இடம் இருப்பதாகக் காட்டினால்தான் கார் வாங்கிப் பதிவு செய்ய முடிகிறது. அங்கே காரை ரோட்டின் பிள்ளையாக வளர்க்கவில்லை. இங்கே வீட்டுக்கு மூன்று கார் வாங்கி இரண்டைத் தெருவில் விடுகிறவரை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்வதில்லை.

அதனால் கேட்க வேண்டியது இவ்வளவுதான். எந்தத் தெருவில் பார்க்கிங் கோடு போட்டாலும், காருக்குப் போடுவதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்குப் போட வேண்டும். ஒரு தெருவை ஒப்பந்தத்துக்கு விடுவதற்கு முன்னால் வியாபாரக் குழுவைக் கேட்க வேண்டும். அந்தக் குழுவில் தலையில் சுமந்து விற்கிற பெண்கள் இருக்க வேண்டும். கூடையைத் தொட்டால் காருக்குக் கொடுக்கிற மாதிரியே பிரிவு எண் போட்ட காகிதம் கொடுக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நாலு பேர் சேர்ந்து, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, உங்கள் கல்லூரிப் பக்கத்துத் தெருவில் ஒரு காலை நேரம் முழுக்க நில்லுங்கள். எத்தனை கார் எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை மீட்டரை அடைத்தது, எத்தனை சலான் விழுந்தது என்று எழுதுங்கள். எத்தனை வியாபாரிகள், எவ்வளவு இடம், எத்தனை தடவை விரட்டப்பட்டார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு பட்டியலையும் வார்டு கவுன்சிலர் மேஜையில் கொண்டுபோய் வையுங்கள். நாளிதழ்களுக்கும் அனுப்புங்கள். நொச்சிக்குப்பத்தில் நாங்கள் தொடங்கிவிட்டோம்.